ஏடும் மருந்தும் அச்சும்: அயோத்திதாசப் பண்டிதர்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அயோத்திதாசப் பண்டிதர் என்றால் இரண்டு வரி தெரியும். திராவிட மகாஜன சபை 1891. ஒரு பைசாத் தமிழன் 1907. ஆண்டைச் சரியாக எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். அதற்கு மேல் அவரைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. அவர் ஒரு வைத்தியர் என்பதோ, நாடி பிடித்துப் பார்த்த அதே கையால் வாரந்தோறும் பத்திரிகைக்கு எழுதினார் என்பதோ பாடப் புத்தகத்தின் இரண்டு வரிக்குள் அடங்குவதில்லை. அதனால் இந்த வாரம் அவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறோம்.

கதையை அவருடைய தாத்தாவிடமிருந்து தொடங்க வேண்டும். தாத்தாவின் பெயர் கந்தப்பன். ஆரிங்டன் என்ற வெள்ளைக்காரத் துரையின் வீட்டில் பட்லராக இருந்தவர். சமையலும் பரிமாறுதலும் மேற்பார்வையும் அவர் வேலை. அவரிடம் குடும்பச் சொத்தாகச் சில ஓலைச்சுவடிகள் இருந்தன. திருக்குறள், திருவள்ளுவ மாலை, நாலடி நானூறு. அவற்றை அவர் துரையிடம் கொடுக்க, துரை எல்லீஸ் என்ற அதிகாரியிடம் கொடுத்தார். எல்லீஸ் தமிழ் படித்தவர், சென்னைக் கோட்டையில் கல்விச் சங்கம் அமைத்தவர், குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் விளக்கியவர். திருக்குறள் முதன்முதலாக அச்சேறியது 1812-ல். தாத்தா ஏடு கொடுத்த இந்தச் செய்தியைப் பேரனான பண்டிதரே பின்னாளில் தம் பத்திரிகையில் எழுதி வைத்தார்.

அச்சான குறளுக்கு எந்தெந்த ஏடுகள் மூலமாக இருந்தன என்பது அறிஞர்கள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு பட்லர் வீட்டுக்குள் குறள் ஏடு எப்படி வந்தது? சேரியில் இருந்தவர்களுக்கு எழுத்து வாசனையே கிடையாது, வெள்ளைக்காரன் வந்து பள்ளிக்கூடம் வைத்த பிறகுதான் அ, ஆ தெரிந்தது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் பலரும் அதை அப்படியே நம்புகிறார்கள். ஏட்டைப் படிக்கத் தெரியாதவர் வீட்டில் ஏடு தங்காது. செல்லரிக்காமல் பார்க்க வேண்டும், பழுதான ஓலையைப் புதிதாக எழுதி மாற்ற வேண்டும், படித்துப் பொருள் சொல்ல வீட்டில் ஆள் இருக்க வேண்டும். தமிழும் வைத்தியமும் சோதிடமும் கைமாறிக் கைமாறி வந்த குடும்பங்கள் ஒடுக்கப்பட்ட மக்களிடையே இருந்தன. அப்படி ஒரு குடும்பத்தில்தான் 1845 மே 20 அன்று அயோத்திதாசர் பிறந்தார்.

பிறந்தபோது வைத்த பெயர் காத்தவராயன். நம் ஊர்த் தெருக்கூத்தில் கழுவேறுகிற அதே காத்தவராயன் பெயர்தான். தந்தை கந்தசாமி. தமக்குத் தமிழும் வைத்தியமும் கற்றுக் கொடுத்த ஆசிரியர் அயோத்திதாசக் கவிராச பண்டிதர் என்பதால், ஆசிரியர் மேல் வைத்த மரியாதையில் அவர் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டார். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றையும் படித்தார். பள்ளியும் கல்லூரியும் தந்த படிப்பு அல்ல இது. வீட்டுத் திண்ணையிலும் குருவின் காலடியிலும் கிடைத்த படிப்பு.

இளமைக் காலத்தின் பெரும்பகுதி நீலகிரியில் கழிந்தது. அங்கே 1870களில் அத்வைதானந்த சபை என்ற ஒன்றை ஏற்படுத்தினார். பின்னாளில் பௌத்தத்துக்கு வந்தவர் முதலில் அத்வைதத்தில் நின்றார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். எல்லா உயிரும் ஒன்று என்று சொல்கிற தத்துவத்தைச் சாதிக்கு எதிராகத் திருப்ப முடியுமா என்று அவர் சோதித்துப் பார்த்தார் என்றே நாம் நினைக்கிறோம். முடியவில்லை.

வயிற்றுப்பாட்டுக்கும் பேருக்கும் அவருக்கு வைத்தியம்தான் துணை. சித்த மருத்துவத்தில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தார். திரு.வி.க. என்று நாம் அறிந்த தமிழறிஞர் திரு.வி.கலியாணசுந்தரனார் சிறுவயதில் கை கால் முடங்கிப் படுத்திருந்தார். அவரைக் குணப்படுத்தியவர் அயோத்திதாசர். இதைத் திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார். அந்தப் பழக்கத்தால் பின்பு பௌத்த விஷயங்களிலும் அவருக்கு நாட்டம் ஏற்பட்டது. தொடக்கூடாது என்று ஊர் ஒதுக்கிய சாதியைச் சேர்ந்தவர் தொட்டுத்தான் அந்தப் பிள்ளை எழுந்து நடந்தது. நம் கிராமங்களிலும் இப்படித்தானே நடந்திருக்கிறது? கோவில் வாசலில் நிறுத்தப்பட்ட கிழவியைத்தான் பிரசவ வலி கண்ட வீட்டுக்குள் அவசரமாக அழைத்துப் போனார்கள். பாம்பு கடித்தால் தேடி வந்தது சேரிக்குத்தான்.

பொது வாழ்க்கைக்கு வருவோம். 1881-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது, தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களைப் பூர்வத் தமிழர் என்று பதிய வேண்டும் என்றார். 1885-ல் ஜான் ரத்தினம் என்ற பாதிரியாரோடு சேர்ந்து 'திராவிட பாண்டியன்' என்ற பத்திரிகையை நடத்தினார். மறு ஆண்டு, தாழ்த்தப்பட்ட மக்கள் இந்துக்கள் அல்ல என்று வெளிப்படையாக அறிவித்தார். கணக்கெடுக்க வருகிறவர் நோட்டில் என்ன எழுதுகிறார் என்பதில் அவருக்குக் கடைசிவரை கண் இருந்தது. 1911 கணக்கெடுப்பின்போதும் சாதிபேதமற்ற திராவிடர் என்ற அடையாளத்தை அவர் வலியுறுத்தினார். பெயர் என்பது அவருக்குச் சின்ன விஷயம் அல்ல. ஒருவனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோமோ அதை வைத்துத்தான் கிணற்றில் நீர் எடுக்கலாமா கூடாதா என்று முடிவாகிறது என்பதை அவர் கண்டிருந்தார்.

1891 டிசம்பர் 1 அன்று ஊட்டியில் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடியது. பத்துத் தீர்மானங்கள். பறையர் என்ற சொல்லை இழிவுப் பொருளில் பயன்படுத்துவதைக் குற்றமாக்க வேண்டும்; நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கட்டணச் சலுகையும் வேண்டும்; படித்தவருக்கு அரசு வேலை வேண்டும்; பொதுக் கிணறும் குளமும் எல்லோருக்கும் திறக்க வேண்டும்; சிறையில் சாதி பார்த்து இழிந்த வேலை தரும் விதி நீங்க வேண்டும்; கிராம முன்சீப் வேலையில் நம்மவரையும் அமர்த்த வேண்டும். 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தப் பட்டியலில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று அவரவர் ஊரை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு, 1892-ல், சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று கோரிக்கை வைத்தார். சிவன் கோவிலுக்கும் விஷ்ணு கோவிலுக்கும் எங்களை ஏன் விடக்கூடாது என்று கேட்டார். சபை கொதித்தது. உங்களுக்கென்று தனியாகச் சிறுதெய்வங்கள் இருக்கின்றன, அவற்றைக் கும்பிட்டுக் கொள்ளுங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்று அவர் அந்தக் கோரிக்கையை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியையும் ஏழைகளுக்குத் தரிசு நிலத்தையும் கேட்டார். அவை ஏற்கப்பட்டன. நாம் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கோவில் கேட்டபோது மறுப்பு வந்தது. உடனே அவர் கேட்டது பள்ளிக்கூடமும் நிலமும். அவருடைய அரசியல் எந்தப் பக்கம் போகும் என்பது அந்த ஒரு நாளிலேயே தெரிந்துவிட்டது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கையை ஒட்டிப் பஞ்சமி நில ஆணை பிறந்ததும் அதே 1892-ல்தான். அந்த நிலங்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்பதைப் பற்றி நம் கிராமத்து வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பள்ளிக்கூட விஷயத்தில் அவர் கர்னல் ஆல்காட்டை நாடினார். அமெரிக்கர், பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1894 முதல் சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு ஆல்காட் இலவசப் பள்ளிகளைத் திறந்தார். அவற்றில் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர் வைக்கப்பட்டது.

1898-ல் ஆல்காட்டோடு இலங்கை சென்றார். கொழும்பு வித்யோதயப் பிரிவேனாவில் சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தரானார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அவர் கணக்கில் இது மதம் மாறுவது அல்ல, பழைய வீட்டுக்குத் திரும்புவது. ஒடுக்கப்பட்டவர்கள் ஆதியில் பௌத்தர்கள், பௌத்தத்தை விடாமல் நின்றதால் தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவர் கொள்கை. அம்பேத்கர் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியது 1956-ல். பண்டிதர் கொழும்புக்குப் போய் வந்து அப்போது 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தச் சங்கத்தில் அறிவியல் படித்தவர்களும் இருந்தார்கள். பேராசிரியர் லட்சுமி நரசு பௌதிகம் கற்பித்தவர். பௌத்தத்தின் சாரம் பற்றி அவர் 1907-ல் ஆங்கிலத்தில் எழுதிய நூலைப் பின்னாளில் அம்பேத்கரே மறுபடியும் பதிப்பித்தார். பொதுவுடைமைக்காரரான சிங்காரவேலரும் அந்த நாட்களில் பௌத்த சங்கத்து மனிதர்தான். பண்டிதருக்கும் இவர்களுக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனது என்று சொல்ல முடியாது. அவர்கள் பகுத்தறிவுத் தத்துவமாகப் பௌத்தத்தைப் பார்த்தார்கள். பண்டிதருக்கோ அது சேரி மக்களின் பண்டிகையிலும் பாட்டிலும் மருந்திலும் உயிரோடு இருக்கிற ஒன்று.

1907 ஜூன் 19, புதன்கிழமை. இராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை வெளிவந்தது. விலை ஒரு பைசா, அதாவது காலணா. பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. தங்கள் பத்திரிகையின் பெயர் இன்னும் மதிப்பாக இருக்க வேண்டும் என்று வாசகர்கள் கேட்டதால் மறு ஆண்டு அது 'தமிழன்' ஆனது. அவருக்கு அப்போது வயது 62. இந்தக் காலத்தில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஈசிசேரில் சாய்கிற வயது. அந்த வயதில் தொடங்கி, சாகும்வரை ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் வாரம் தவறாமல் எழுதினார். அரசியல், சரித்திரம், இலக்கியம், சமயம், மருத்துவம் எல்லாம் அதில் உண்டு. வாசகர் கேள்விக்குப் பதிலும் உண்டு.

யார் படித்தார்கள்? சென்னையில் துரைமார் வீட்டு வேலைக்காரர்களும் பட்டாளத்துக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் படித்தார்கள். கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் இறங்கி வேலை செய்தவர்கள் படித்தார்கள். வடஆர்க்காடு பக்கத்துச் சேரிகளிலிருந்து பிழைப்புக்காகப் போனவர்கள் அவர்கள். மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை பலமாக இருந்தது. பெங்களூரு, திருப்பத்தூர், ஹூப்ளி என்று கிளைகள் பரவின. பர்மாவில் ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும்கூடத் 'தமிழன்' போயிற்று. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிற காலம் அது. ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

'இந்திரர் தேச சரித்திரம்', 'புத்தரது ஆதிவேதம்' என்ற இரண்டும் அவருடைய பெரிய ஆக்கங்கள். குறளுக்கும் உரை எழுதினார். அதை அவர் திரிக்குறள் என்றே சொன்னார். பௌத்தர்களின் திரிபிடகத்தோடு அது தொடர்புடையது என்பது அவர் கருத்து. தாத்தா காத்த நூலுக்குப் பேரன் எழுதிய அந்த உரை பாதியிலேயே நின்றுபோனது.

பண்டிகைகளுக்கு அவர் சொன்ன விளக்கம் தனி ரகம். தீபாவளி என்றால் நரகாசுரனைக் கொன்ற நாள் என்று ஊர் சொல்கிறது. பண்டிதர் வைத்தியக் கண்ணால் பார்த்தார். எள்ளிலிருந்து நெய் எடுத்து, அதன் குணத்தைச் சோதித்து, தலைமுழுக உகந்தது என்று பௌத்த மடத்தார் கண்டுபிடித்து மக்களுக்குச் சொன்ன நாள் அது என்றார். கார்த்திகை தீபத்தையும் அவர் இதே போல ஆமணக்கு எண்ணெயோடு சேர்த்தார். அசுரன் செத்ததற்காக அல்ல, ஒரு எண்ணெய் பிறந்ததற்காகக் குளிக்கிறோம், விளக்கேற்றுகிறோம் என்று அவர் கணக்கு.

இது சரித்திர ஆதாரத்தோடு நிற்குமா என்று கேட்டால், நிற்கும் என்று நாம் சாதிக்க மாட்டோம். கல்வெட்டும் செப்பேடும் கேட்கிற ஆராய்ச்சியாளர்கள் அவருடைய சொல்லாராய்ச்சியை ஏற்பதில்லை. ஆனால் அவர் செய்தது வேறொரு காரியம். ஒவ்வொரு கதையிலும் கொல்லப்படுகிறவன் யார் என்று கேட்டார். கொலையைக் கொண்டாடுகிற கதைக்குப் பதிலாக, உழைப்பையும் கண்டுபிடிப்பையும் கொண்டாடுகிற கதையை மக்களிடம் கொடுத்தார். நிகண்டும் ஏட்டுச்சுவடியும் கிழவர்கள் வாய்மொழியும் அவருக்கு ஆதாரம். தமக்கென்று சரித்திரமே கிடையாது என்று சொல்லப்பட்ட ஒரு கூட்டத்துக்கு அது எவ்வளவு பெரிய பலம் என்பதைச் சுரங்கத்திலிருந்து ஏறி வந்து அந்தப் பத்திரிகையைக் கேட்டவர்கள் அறிந்திருப்பார்கள்.

அவரிடம் நமக்கு ஒப்பாத இடங்களும் உண்டு. வெள்ளைக்கார ஆட்சியின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை மிக அதிகம். சுதேசிக்காரர்களைக் கடுமையாகச் சாடினார். சாதியை வைத்துக்கொண்டு சுயராஜ்யம் கேட்கிறவர்கள் மேல் அவருக்கு வந்த சந்தேகம் நமக்குப் புரிகிறது. ஆனால் கோலாரில் நம்மவர்களைப் பாதாளத்தில் இறக்கி ஆதாயம் பார்த்ததும் அதே வெள்ளைக்காரக் கம்பெனிதான். இன்னொன்று இதைவிட வலிப்பது. தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, தாழ்ந்தவர்கள் வேறு என்று ஒரு கோடு போட்டு, ஒடுக்கப்பட்ட வேறு சில சமூகத்தாரை அவர் தள்ளி நிறுத்தி எழுதினார். அருந்ததியர் வீட்டுப் பிள்ளை இன்று அந்தப் பக்கத்தைப் படித்தால் மனம் நோகும். அந்தக் கோட்டை நாம் ஏற்க முடியாது. பெரியவர் எழுதியது என்பதற்காக மூடி மறைக்கவும் கூடாது.

அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன். பறையர் என்ற சொல்லே வேண்டாம் என்றவர் பண்டிதர். சீனிவாசனோ 1893-ல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கி, எந்தப் பெயரால் இழிவு செய்கிறார்களோ அதே பெயரால் தலைநிமிர்வோம் என்று நின்றார். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு வழி. இந்த வழக்கு நம் ஊர்ப் பேனர்களிலும் சுவரொட்டிகளிலும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

1914 மே 5 அன்று பண்டிதர் காலமானார். 69 வயது நிறைய 15 நாட்கள் இருந்தன. மகன் பட்டாபிராமன் சிறிது காலம் பத்திரிகையை நடத்தினார். பிறகு நின்றது. 1926-ல் ஜி.அப்பாதுரையார் கோலார் தங்கவயலிலிருந்து 'தமிழன்' பத்திரிகையை மீண்டும் எழுப்பிச் சில ஆண்டுகள் நடத்தினார். அதன்பின் நீண்ட காலம் பண்டிதர் பெயர் பொது மேடைகளில் கேட்கவில்லை. தமிழ்ப் பத்திரிகை வரலாறு எழுதியவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். திராவிடம் என்ற சொல்லை அரசியலுக்கு முதலில் எடுத்து வந்தவர்களில் ஒருவர் என்பதும் மறக்கப்பட்டது.

மறக்காதவர்கள் சில குடும்பங்கள். கோலார் தங்கவயலிலும் திருப்பத்தூர்ப் பக்கத்திலும் சென்னையிலும் பழைய 'தமிழன்' இதழ்களைப் பெட்டியில் போட்டுப் பாதுகாத்தார்கள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அவற்றைத் தேடிச் சேர்த்தார்கள். 1999-ல் ஞான அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டது. மூன்றாவது தொகுதி 2003-ல் வந்தது. 85 ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த எழுத்து அப்படித்தான் வெளியே வந்தது. ஓலையைக் காத்த கந்தப்பனைப் பற்றி நமக்குத் தெரிவதும் அந்தக் காகிதத்தை யாரோ காத்ததால்தான்.

2005-ல் அவருக்கு அஞ்சல் தலை வந்தது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 2023-ல் மணிமண்டபம் திறந்தார்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. முழங்கால் வலிக்கும் தோல் வியாதிக்கும் நம் மாவட்டங்களிலிருந்து ரயிலேறிப் போகிறவர்கள் காலையிலேயே அங்கே சீட்டுக்கு நிற்பார்கள். அந்த மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.